கன்ட்ரி கிட்டாரில் ஹைப்ரிட் பிக்கிங்: பிக்கோடு இரண்டு விரல்களைச் சேர்த்துப் பழகும் முறை

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலும் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் வளர்ந்த கன்ட்ரி கிட்டார் இசையைக் கேட்கும்போது, கோழி கொக்கரிப்பதைப் போல வெட்டி வெட்டித் தெறிக்கும் ஓர் ஒலி தனியாகக் காதில் விழும். அதைப் பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டால் மட்டுமே எடுத்துவிடலாம் என்று நம்பிப் பல மாதங்களைக் கழித்தவன் நான். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்தபடியே, வேலையின்றி இருக்கும் நடுவிரலாலும் மோதிர விரலாலும் மற்றக் கம்பிகளை மீட்டுவதற்குத்தான் ஹைப்ரிட் பிக்கிங் என்று பெயர். ஆல்பர்ட் லீ, டானி காட்டன் போன்ற கிட்டார் கலைஞர்களின் வாசிப்புக்கு இதுவே அடிப்படை. ஜேம்ஸ் பர்ட்டன் இன்னும் ஒரு படி போய், சாதாரணப் பிக்கைப் பிடித்துக்கொண்டே நடுவிரலில் தனியாக ஒரு விரல் பிக்கையும் மாட்டிக்கொண்டு வாசித்தார்.

ஜி, சி, டி ஆகிய திறந்த கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் இப்பயிற்சியைத் தொடங்கிவிடலாம். தடித்த கம்பியை ஆறாம் கம்பி என்றும், மிக மெல்லியதை முதல் கம்பி என்றும் குறிப்பிடுகிறேன். பயிற்சிகளில் ‘பி’ என்பது பிக்கையும், ‘ந’ என்பது நடுவிரலையும், ‘மோ’ என்பது மோதிர விரலையும் குறிக்கும்.

பிக்கைப் பிடிப்பது

பிக்கை மூன்று விரல்களால் பிடித்துப் பழகியவர்கள் முதலில் நடுவிரலை விடுவிக்க வேண்டும். இது சில நாட்களுக்கு எரிச்சலூட்டும். பிக் கையில் சுழலும், நழுவி விழும். அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலித்துளைக்குள் பிக்கை விழவிட்டு, கிட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிக்கொண்டிருந்த மாலைகள் எனக்கு உண்டு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெல்லிய பிக் வளைந்துகொடுப்பதால் அதன் ஓசை விரலின் ஓசையோடு ஒட்டுவதில்லை. பிக்கின் முனை விரல்களுக்கு வெளியே மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் மற்ற விரல்கள் கம்பியை எட்டுவதற்காகக் கை முழுவதும் சாயத் தொடங்கும். உள்ளங்கைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதாக எண்ணிக்கொண்டு விரல்களைத் தளர்வாக மடக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகில் பட்டும் படாமலும் வையுங்கள்.

திறந்த கம்பிகளில் சமநிலை

இடது கையை முற்றிலும் விலக்கிவிட்டு, நான்காம் கம்பியைப் பிக்காலும், மூன்றாவதை நடுவிரலாலும், இரண்டாவதை மோதிர விரலாலும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுங்கள்: பி – ந – மோ. விரல் கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுக்காமல், உள்ளங்கையை நோக்கிச் சிறிதளவே மடங்க வேண்டும். அடுத்து, நான்காம் கம்பியையும் மூன்றாம் கம்பியையும் பிக்கும் நடுவிரலும் ஒரே நேரத்தில் கிள்ளுவதைப் போல மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றனவா, அல்லது பிக் ஒரு மயிரிழை முந்துகிறதா என்பதைக் கவனியுங்கள்.

வேகம் வரவில்லை என்றே பலரும் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் இக்கலையின் உண்மையான சிக்கல் வேகமன்று. பிக் எழுப்பும் உரத்த, கூர்மையான ஒலிக்கும் விரல் எழுப்பும் மென்மையான ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளிதான். வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்தச் சுரத்தைப் பிக் மீட்டியது, எதை விரல் மீட்டியது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடிந்தால், விரலைப் பலப்படுத்துவதைவிடப் பிக்கின் அடியைக் குறைப்பதிலேயே முதலில் கவனம் செலுத்துங்கள். மின்கிட்டார் வைத்திருப்பவர்கள் இக்கட்டத்தில் உரத்த, மெல்லிய ஒலிகளைச் சமப்படுத்தும் கம்பிரசர் பெடலை அணைத்துவிட வேண்டும்; அது ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும்.

உருட்டல்

ஒலி ஓரளவு சமமான பிறகு மெட்ரோநோமை (சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வீதம் பி – ந – மோ, பி – ந – மோ, பி – ந என்று எட்டுச் சுரங்களை வாசியுங்கள். மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் இந்த உருட்டல் பாஞ்சோ வாசிப்பிலிருந்து வந்தது; நான்கு தட்டுத் தாளத்தின் மேல் மூன்றின் அழுத்தம் ஏறி இறங்குவதால்தான் அதற்கு அந்தத் துள்ளல் கிடைக்கிறது. இதே விரல் வரிசையோடு ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறிப் பாருங்கள். ஜியில் பிக் ஆறாம் கம்பிக்கும், சியில் ஐந்தாம் கம்பிக்கும் போக வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் மூன்றாவது, இரண்டாவது கம்பிகளை விட்டு நகர வேண்டியதில்லை.

கோழி ஒலி

சிக்கன் பிக்கிங் என்று அழைக்கப்படும் இந்த ஒலியில் இரண்டு பகுதிகள் உண்டு: செத்த ஒலி ஒன்று, உயிருள்ள சுரம் ஒன்று. இரண்டாம் கம்பியின் எட்டாம் ஃபிரெட்டின் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் இடது கை விரலை அழுத்தாமல் தொட்டபடி வைத்துப் பிக்கால் அடித்தால் ‘டக்’ என்று மட்டும் கேட்கும். (ஐந்து, ஏழு, பன்னிரண்டாம் ஃபிரெட்களில் இதைச் செய்தால் மணியோசை போன்ற ஹார்மோனிக் குறுக்கிடும், அதனால்தான் எட்டைத் தேர்ந்தெடுத்தேன்.) உடனே அதே விரலை முழுமையாக அழுத்தி, நடுவிரலின் நுனிச் சதையைக் கம்பிக்கு அடியில் செருகி, கம்பியைக் கிட்டாரின் உடலிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது இழுத்து விடுங்கள். முந்தைய பயிற்சியில் கூடாது என்று சொன்ன அதே இழுப்புத்தான் இங்கே தேவைப்படுகிறது. கம்பி ஃபிரெட்டின் மேல் அறைந்து திரும்பும்போது எழும் வெடிப்பே நாம் தேடும் ஒலி. அடுத்த அடிக்காக நடுவிரல் மீண்டும் கம்பியைத் தொடும்போது சுரம் தானாகவே அறுபடும். அந்த அறுப்பு இல்லாவிட்டால் கோழி கொக்கரிக்காது.

இந்த ஒலிக்கு டெலிகாஸ்டர் இவ்வளவு நெருக்கமானதற்குக் காரணம் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1950இல் பிராட்காஸ்டர் என்று வெளியிட்டு, 1951இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றிய அந்தக் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப் (பிரிட்ஜுக்கு அருகில் கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதி), கம்பி அறையும் கூர்மையை மழுக்காமல் அப்படியே வெளியே தரும். வேறு கிட்டார் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, கையையும் பிரிட்ஜுக்குச் சற்று அருகில் நகர்த்தினால் போதும். நகத்தால் இழுக்கலாமா என்றால் இழுக்கலாம், ஒலியும் பளிச்சென்று இருக்கும். ஆனால் எஃகுக் கம்பியை வெளிப்புறமாக இழுத்து இழுத்து என் நடுவிரல் நகம் இருமுறை பிளந்ததால் நான் சதைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆறாம் இடைவெளிச் சுரங்கள்

ஒரு சுரத்தோடு, அதிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் சுரத்தையும் சேர்த்து ஒலிப்பதே இது. இதற்காக மூன்றாம் கம்பியையும் முதல் கம்பியையும் ஒன்றாக ஒலிக்கச் செய்து, நடுவிலுள்ள இரண்டாம் கம்பியை விட்டுவிடுவது பிக்கை மட்டும் நம்புவோருக்குத் தலைவலி. இங்கோ பிக் மூன்றாவதற்கும் மோதிர விரல் முதலாவதற்கும் என்று பிரிந்துவிடுவதால் அது எளிதாகிறது. ஜி மேஜரில் மூன்றாம் கம்பியில் 4, முதல் கம்பியில் 3 என்ற ஃபிரெட்களில் தொடங்கி, அடுத்து 5–5, 7–7, 9–8, 11–10, 12–12 என்று ஏறி, அதே வழியில் இறங்குங்கள். ஒவ்வோர் இணையையும் முதலில் சேர்த்துக் கிள்ளியும், பிறகு பிக், விரல் என்று பிரித்தும் வாசியுங்கள்.

பெடல் ஸ்டீல் வளைவு

பெடல் ஸ்டீல் என்பது பெடலை மிதித்துக் கம்பிகளின் சுருதியை மாற்றும் கிட்டார் வகை; கம்பியைப் பக்கவாட்டில் வளைத்துச் சுரத்தை உயர்த்தி அந்த ஒலியைக் கொண்டுவருவதே இப்பயிற்சி. இதை மின்கிட்டாரில், 9 அல்லது 10 அளவுக் கம்பிகளோடு (முதல் கம்பி 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன் உள்ளவை) செய்வதே நல்லது. அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் மூன்றாம் கம்பி சுருள் சுற்றியதாக இருப்பதால் ஒரு முழுச் சுரம் அளவுக்கு வளையாது. மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃபிரெட்டில் மோதிர விரலை வைத்து, அதற்குப் பின்னால் நடுவிரலைத் துணைக்கு நிறுத்துங்கள். சுண்டு விரலைப் படுக்கவைத்து இரண்டாம், முதல் கம்பிகளின் எட்டாம் ஃபிரெட்டை அழுத்துங்கள். வலது கையில் பிக், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஒரே நேரத்தில் மீட்ட, மூன்றாம் கம்பியை மட்டும் டியிலிருந்து ஈ வரை வளைத்தால், கீழே அசையாமல் நிற்கும் ஜி, சி சுரங்களோடு சேர்ந்து சி மேஜர் கார்டு மெல்ல மலரும். முதல் சில நாட்களில் சுண்டு விரலும் சேர்ந்து நகர்ந்து மற்ற இரண்டு சுரங்களையும் இழுத்துக் கெடுக்கும். எனவே ஒவ்வொரு முறையும் முதலில் ஒன்பதாம் ஃபிரெட்டை அழுத்தி அந்த ஈயைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு மூன்றாம் கம்பியைத் தனியாக அந்த உயரத்திற்கு வளைத்துப் பார்த்து, அது பிசகாமல் நின்ற பின்னரே மற்ற இரண்டு கம்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.