மரக்காலால் பூ அளக்காதீர்கள்: ஃபேன்டசி, காதல் நாவல்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். அந்த மாதம் படித்த புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், அதைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. போன வருஷம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் புதிதாக வந்தாள். கையில் ஒரு காதல் நாவல். "ரொம்பப் பிடிச்சிருந்துச்சுக்கா" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களில் மூத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "இதெல்லாம் முடிவு தெரிஞ்ச கதைதானேம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண் அடுத்த இரண்டு மாதம் வரவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சார் அந்தப் புத்தகத்தைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார். அவளோ, திறந்து படித்ததை எங்களுக்குக் காட்டத் தெரியாமல் நின்றாள். அதற்கப்புறம், மாய உலகத்தைக் கற்பனை செய்கிற ஃபேன்டசி, காதலை மையமாக வைக்கிற ரொமான்ஸ் நாவல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கே வழுக்குகிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தேன். நெல் அளக்கிற மரக்காலைப் பூக்காரம்மாவிடம் யாரும் நீட்டுவதில்லை, பூவை முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். புத்தகத்துக்கு மட்டும் அந்த நிதானம் வருவதில்லை. எந்த வகை நாவல், அது நமக்கு என்ன தருவதாகச் சொல்லி ஆரம்பித்தது என்று பார்க்காமல் கையில் இருக்கும் அளவையால் அளந்துவிடுகிறோம்.

"முடிவுதான் தெரியுமே"

காதல் நாவல் என்றதும் வருகிற முதல் புகார் இது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள், அப்புறம் எதற்கு முந்நூறு பக்கம்? ஆனால் ரொமான்ஸ் வகையில் அந்த முடிவு வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்கள் சங்கம் இந்த வகைக்கு இரண்டே இரண்டு இலக்கணம்தான் சொல்கிறது: கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். துப்பறியும் கதையில் கொலையாளி அகப்படுவான் என்று தெரிந்துதானே படிக்கிறோம்? அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நம்மூர் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிற அன்று, காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு நுரையும் சருகுமாக அது நகர்ந்து வருவதைப் பார்க்கக் கரையில் போய் நிற்கிறோம். எந்த மதகில் அடைத்துக்கொண்டது, எந்த மேட்டு வயலுக்கு ஏறவில்லை என்று அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. காதல் நாவலிலும் கேட்க வேண்டியது அதைத்தான். இவர்களைத் தடுத்தது எது? அது உண்மையான தடையா? அதைத் தாண்ட ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஒரு விபத்து, ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி, உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அந்த நாவல் எனக்குத் தோற்றதுதான். சேர்ந்ததற்காக இல்லை, சேரும் தகுதியை இருவரும் சம்பாதிக்கவில்லை என்பதற்காக.

காதல் வருகிற நாவலையெல்லாம் ரொமான்ஸ் என்று எடுத்துவிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' எங்கள் கும்பகோணத்துக் கதை. பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நேசிக்கிறான். ஆனால் ரங்கண்ணாவின் சங்கீதத்துக்கும் அதில் பெரிய இடம். சேர்வார்களா மாட்டார்களா என்று மட்டும் பார்த்துப் பக்கங்களைத் தள்ளினால் பாதி நாவல் நழுவிப் போகும்.

"இதெல்லாம் நடக்குமா?"

ஃபேன்டசி நாவலிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. நடக்காது என்று எழுதியவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, அந்த உலகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதியைக் காப்பாற்றுகிறதா என்று பாருங்கள். அண்மையில் ஒரு ஃபேன்டசி நாவல் படித்தேன். டிராகன் வருகிறது, பேசுகிறது, எல்லாவற்றையும் நம்பினேன். நாயகி மூன்று நாள் குதிரையில் போகிறாள். அந்தக் குதிரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அங்கே எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. டிராகன் அந்த உலகத்துக்கு மட்டும் உரியது, அதன் சட்டத்தை ஆசிரியர் எழுதலாம். குதிரை நம் உலகத்திலிருந்து போனது. அதற்குத் தாகம் எடுக்காது என்றால் அதையும் கதைதான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

மாயமெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களிடம் நான் 'மணிமேகலை'யைத்தான் காட்டுவேன். காவிரி கடலில் கலக்கும் புகாரில் தொடங்கும் காப்பியம் அது. பறக்க ஒரு மந்திரம், வேறு உருவம் எடுக்க ஒரு மந்திரம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பாத்திரம் மணிமேகலைக்கு முன் ஆபுத்திரனிடம் இருந்தது. பஞ்சத்தில் மதுரையில் எல்லோருக்கும் சோறிட்டான். பிறகு மழை பெய்து நாடு செழித்தது. பசியோடு வருவோர் இல்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் விடப்பட்டுவிட்டான். கையில் வற்றாத பாத்திரம் இருக்கிறது, ஆனால் ஊட்ட ஒருவரும் இல்லை. தான் மட்டும் உண்ண மனம் வராமல் பாத்திரத்தை அங்கிருந்த கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிர் விட்டான்.

இந்த இடத்தில் "பாத்திரத்தில் எப்படிச் சோறு குறையாமல் வரும்?" என்று யாருக்காவது கேட்கத் தோன்றுமா? மாயப் பொருள் ஒன்றை மனிதன் கையில் கொடுத்தால் அவன் யார் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு ஃபேன்டசி நாவலைப் படித்து முடித்ததும் நான் தேடுவது அதைத்தான். மந்திரம் எவ்வளவு பிரமாண்டமாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தியவருக்கு எந்த இழப்பும், எந்தத் தடுமாற்றமும் இல்லை என்றால் எனக்கு அது வாணவேடிக்கைதான்.

"பொன்னியின் செல்வன் மாதிரி வருமா?"

இது நம் பகுதிக்கே உரிய தவறு. வாள், குதிரை, இளவரசி வந்துவிட்டால் உடனே அந்த ஒப்பீடு. எனக்கும் அந்த நாவல் உயிர். ஆனால் கல்கி எழுதியது சரித்திர நாவல். காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நந்தினியைக் கல்கி தன் கற்பனையிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் ஆதித்தனைப் பிழைக்க வைக்க முடியாது. கல்வெட்டுக் கட்டிப்போட்ட கைகளோடு ஒருவர் எவ்வளவு தூரம் கற்பனை செய்ய முடியும் என்பதுதான் அங்கே சாதனை. ஃபேன்டசி எழுதுகிறவருக்குக் கல்வெட்டே கிடையாது. ராஜ வம்சம், வரி, தெய்வம், ஆற்றின் பெயர் வரை அவரே உண்டாக்கி, அதை நாம் நம்பும்படி நிறுத்த வேண்டும். இரண்டும் வேறு வேறு கஷ்டம். ஒன்றில் தேறியதை வைத்து மற்றதற்கு மார்க் போடக் கூடாது.

"ரெண்டு வார்த்தை பேசியிருந்தா தீர்ந்திருக்கும்"

காதல் நாவல்களில் வரும் தவறான புரிதலைப் பற்றிய இந்தப் புகார் பல நேரம் நியாயமானதுதான். பாதிக் காதில் விழுந்த ஒரு போன் பேச்சை வைத்து இருபது அத்தியாயம் ஓட்டினால் எனக்கும் கோபம் வரும். ஆனால் எல்லாத் தவறான புரிதலையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது.

சிலப்பதிகாரத்தில் கானல் வரியை நினைத்துப் பாருங்கள். இந்திர விழா முடிந்து கடற்கரையில் கோவலனும் மாதவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாளோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. அவளும் யாழை வாங்கி, தனக்கும் வேறு நினைப்பு இருப்பது போலப் பதிலுக்குப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். பிறகு அவள் தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். ஆடல்மகள்தானே, இதுவும் அவளுக்கு நடிப்பு என்று அவன் வாங்க மறுத்துவிடுகிறான். அங்கே பேச வாய்ப்பு இருந்தது, கடிதமே தேடி வந்தது. அவன் மனதில் இருந்த ஏளனமும் அவளுடைய ரோஷமும்தான் குறுக்கே நின்றன. அந்த இருவர் இடத்தில் வேறு இருவர் இருந்திருந்தால் அந்தப் பிரிவு நடந்திருக்காது.

அதனால் நான் வைத்திருக்கும் சோதனை இது: இந்தத் தவறான புரிதல் ஆட்களின் குணத்திலிருந்து வந்ததா, இல்லை ஆசிரியரின் தேவைக்காக வந்ததா? முதலாவது என்றால் பேசித் தீர்க்காதது அந்த ஆட்களின் குறை, நாவலின் குறையாகாது.

விரட்டுவதைக் காதல் என்று ஒத்துக்கொள்வது

இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'ஆன்ட்டி ஹீரோ' என்ற பெயரில் வரும் சில தொடர்களில் நாயகன் மிரட்டித் தாலி கட்டுகிறான், கை நீட்டுகிறான், கடைசி ஐந்து அத்தியாயத்தில் ஒரு சோகக் கதை சொல்கிறான், மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. "கதைதானே" என்று கடந்துபோவது ஒரு தவறு. அதைப் படிக்கிற பெண்களையே மட்டமாகப் பேசுவது அதைவிடப் பெரிய தவறு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம் கிடைக்கிறவர்கள் எதைப் படித்தால் மனசு இளகுகிறதோ அதைப் படிக்கிறார்கள். கேள்வியைப் புத்தகத்திடம் கேளுங்கள்: அவன் செய்ததைச் செய்ததாகக் கதை ஒத்துக்கொள்கிறதா, அவளுடைய மறுப்புக்கு ஏதாவது மதிப்பு வைத்திருக்கிறதா?

மறுபடி மணிமேகலைக்கே வருகிறேன். உதயகுமாரன் சோழ இளவரசன், அவளை விடாமல் துரத்துகிறான். கடைசியில், மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுத்திருக்க, அவளைத் தன் மனைவி என்றே நினைத்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வாளால் அவன் சாகிறான். அரசனான தகப்பன், நான் செய்திருக்க வேண்டிய தண்டனையை அவன் செய்துவிட்டான் என்கிறான், மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி செய்த சோழனின் வழியில் வந்தவன் என்பதையும் சொல்கிறான். இளவரசன் என்பதால் அவன் பிடிவாதத்துக்குக் காதல் என்ற பெயர் கிடைக்கவில்லை. அத்தனை நூற்றாண்டுக்கு முன் எழுதியவருக்கு இருந்த தெளிவை இன்றைய நாவலிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை.

தொடராக வந்ததை ஒரே மூச்சில் விழுங்குவது

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அத்தியாயக் கடைசியில் யாராவது கதவைத் தட்டுவதும், விளக்கு அணைவதும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைப்பதற்காக. ஒரே வாரத்தில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு "இழுவை" என்றால் அது நாம் படித்த வேகத்தின் குறையாகவும் இருக்கலாம். இன்று செல்போனில் தினம் ஒரு எபி (எபிசோட்) என்று வருகிற காதல் தொடர்களுக்கும் இது பொருந்தும்.

ஃபேன்டசியில் முதல் பாகத்தோடு தீர்ப்பு எழுதுவது இன்னொரு அவசரம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மூன்று தொகுதி நாவல் உண்மையில் ஒரே நாவலாக எழுதப்பட்டது, 1954, 1955-இல் பிரித்து வெளியிட்டார்கள். அதன் முதல் தொகுதி பாதியில் நிற்கிறதே என்றால் பாதியில்தான் நிற்கும். "முதல் பாகம் மட்டும் படித்திருக்கிறேன்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது

எங்கள் திண்ணையில் அதிகம் நடப்பது இதுதான். பத்து நிமிஷம் கதைச் சுருக்கம், கடைசியில் "நல்லா இருக்கு". கேட்டவருக்குத் திருப்பம் கெட்டுப்போகும், கருத்தும் கிடைக்காது. படிக்கும்போதே பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தி மூச்சு விட்டீர்களோ, எங்கே எரிச்சல் வந்ததோ, அந்த இடத்தில் ஒரு கோடு. பேசும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து ஆரம்பித்தால் போதும்.

மூன்றாம் மாதம் அந்தப் பெண் திரும்ப வந்தாள், அதே காதல் நாவலோடு. போனில் பேசியபோது நான் சொன்னதைக் கேட்டு ஒரு பக்கத்தில் கோடு போட்டிருந்தாள். சண்டைக்கு அப்புறம் நாயகன் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்கு வருகிறான். அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் மறுபடி தட்டவில்லை. அவள் விட்டுவிட்டு வந்த குடையை வாசல் சுவரில் சாத்திவைத்துவிட்டு மழையிலேயே திரும்பிப் போகிறான்.

"எனக்கு இந்த இடம்தான்க்கா. அவ வேணாம்னா, இவன் போயிட்டான் பாருங்க. அதுக்கு மேலதான் அவன எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சுது."

சார் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கத்தைப் படித்தார். அப்புறம் முதல் அத்தியாயத்துக்குத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.