பக்கவாதத்துக்குப் பின் சீரற்ற நாடித்துடிப்பு: வீட்டில் கவனிப்பது எப்படி

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பு நோய் உள்ளவருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். படபடப்பு நின்றதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம். படபடப்பு இல்லாத நாளிலும் கட்டி உருவாகலாம்.

நாடி பார்க்க, 5 நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். பிபி மெஷின் காட்டும் நாடி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பிபியைக்கூட 3 முறை எடுத்துச் சராசரி போடுங்கள். ஓய்விலும் நாடி 110-ஐத் தாண்டியே இருந்தால், அல்லது 50-க்குக் கீழே இறங்கினால், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு ஈசிஜி சரியாக இருந்ததால் நோய் இல்லை என்றாகாது. விட்டுவிட்டு வரும் கோளாறு, உடலில் மாட்டிக்கொண்டு இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில்தான் சிக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்பதை மூளை ஸ்கேன் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். பெரிய பாதிப்பில் அவசரப்பட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

தவறுகள் நடப்பது மாத்திரை கொடுப்பதில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் அபிக்ஸபான் தினம் 2 வேளை. ஒரு வேளை விட்டுப்போனால் 6 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதற்குமேல் ஆனால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் கொடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக உடலில் சேராது, சாப்பாட்டோடு கொடுங்கள். விழுங்க முடியாதவருக்கு இவ்விரண்டையும் பொடித்துத் தரலாம். டாபிகட்ரான் கேப்சூலை மட்டும் திறக்கவே கூடாது: மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி, ரத்தப்போக்கு வரும். இதயத்தில் செயற்கை உலோக வால்வு உள்ளவருக்கு வார்ஃபரின்தான், மற்றவை ஆகாது. வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) வழக்கமாக 2 முதல் 3 வரை. வால்வுக்கு ஏற்ப இலக்கு கூடும்.

பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வந்து ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபைன் எழுதும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அந்த வலிப்பு மருந்துகள் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. உடம்புவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பாராசிட்டமால் போதும், வார்ஃபரின் எடுப்பவர் அதையும் அளவோடு. சிறுநீரகப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் அடிக்கடி.

கீழே விழுந்து தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கறுப்பு மலமும் அப்படித்தான். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும், கடைசி மாத்திரை கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு செய்ய மருத்துவர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.