பேக்பேக்குக்கு எடை கம்மியான பாத்திரம், அடுப்பு: மதுரையில இருந்து கிளம்புறவங்களுக்கு

மலைக்கு போய் டென்ட் போடணும்னு ஆசைப்படுற ஆளுங்க பெரும்பாலும் முதல்ல வாங்குறது அடுப்பத்தான். உள்ளங்கையில அடங்குற சைஸ்ல இருக்குறதால பார்த்ததும் கை போயிரும். ஆனா அதுதான் கடைசியா வாங்க வேண்டிய சாமான். எங்க சமைக்கப் போறோம், எந்த எரிபொருள் கிடைக்கும், அதை எப்படி அங்க கொண்டு சேர்க்கிறது, என்னத்த சாப்பிடுறது, இது எல்லாம் முடிவான பிறகு அடுப்பு தானா முடிவாயிரும். டென்ட், பை எல்லாம் ரெடி, சமையல் சாமான் மட்டும் பாக்கின்னு இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை: எங்க பத்த வைக்கப் போறீங்க

காப்புக்காட்டுக்குள்ள பத்த வைக்கிற ஐடியா இருந்தா இப்பவே விட்டுருங்க. அது குற்றம், சின்ன கேஸ் அடுப்புதான்னு சொன்னாலும் வனத்துறை ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்கவும் கூடாது. 2018 மார்ச் 11-ம் தேதி போடி பக்கம் குரங்கணி மலையில காட்டுத்தீயில மாட்டி 20-க்கும் மேல ட்ரெக்கிங் போனவங்க செத்தாங்க, அந்த மலைப்புல் காஞ்ச பிறகு எப்படி எரியும்னு தேனிக்காரங்கள கேட்டா சொல்லுவாங்க. 2024 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளுக்கு வழிகாட்டியோடதான் போகணும், அதுக்கு அடுப்பு தேவையே இல்ல, தண்ணியும் கடலைமிட்டாயும் போதும்.

அப்ப நம்ம அடுப்பு எங்க உதவும்னா சிறுமலை, தாண்டிக்குடி, பூம்பாறை பக்கம் இருக்குற தனியார் தோட்டங்கள்ல, உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு. இல்லன்னா இமாச்சல், லடாக் மாதிரி வடக்க போறப்ப.

ரெண்டாவது: எரிபொருள்

ரயில்லயும் விமானத்துலயும் கேஸ் கேனிஸ்டர், அதாவது அடுப்புக்கு கேஸ் அடைச்சு வர்ற சின்ன டப்பா, கொண்டு போகக்கூடாது. சின்னதுதானேன்னு பைக்குள்ள சொருகாதீங்க. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில நம்ம மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வச்சிருந்த சுற்றுலா கோச் எரிஞ்சு 9 பேர் போனது ஞாபகம் இருக்கும், உள்ள கொண்டு வந்த சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொல்லுச்சு. பஸ்லயும் ஏத்தாதீங்க. சிறுமலை, கொடைக்கானல்னா சொந்த பைக், கார்ல போங்க, மணாலி, லே மாதிரி இடம்னா அடுப்ப மட்டும் கொண்டு போய் கேனிஸ்டர அங்க வாங்கிக்கங்க.

மத்த எரிபொருள் பத்தி சுருக்கமா: ஸ்பிரிட் அடுப்பு எடை ஒண்ணுமே இல்ல, ஆனா பகல் வெளிச்சத்துல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது, அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு மேல ஊத்துறவங்கதான் சுட்டுக்கிறது, கவுந்தா வேற தீயோட ஓடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். ராணுவத்துல பயன்படுத்துற ஹெக்ஸமைன் வில்லை (கெட்டி எரிபொருள்) ஸ்பிரிட்ட விட பத்திரமானது, ஆனா மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை, பாத்திரத்தோட அடியில பிசுக்கு ஒட்டும், தீய கூட்டிக் குறைக்க முடியாது. அவசரத்துக்கு பையில ரெண்டு கிடக்கட்டும். விறகு அடுப்பு இந்தப் பட்டியல்லயே கிடையாது.

ஆக, கேஸ்.

மூணாவது: வால்வு. இத மட்டும் நிதானமா படிங்க

எனக்கு வர்ற கேள்வியில பாதி இதுதான், ‘அடுப்பு வந்துருச்சு, சிலிண்டர் வந்துருச்சு, ரெண்டும் சேர மாட்டேங்குது.’ ஏன்னா கேனிஸ்டர்ல ரெண்டு சாதி இருக்கு.

ஒண்ணு, குட்டையா குண்டா இருக்கும், தலையில மரை போட்ட வால்வு. ட்ரெக்கிங் அடுப்பு பெரும்பாலும் இந்த மரைக்குத்தான் செஞ்சது. 100 கிராம், 230 கிராம் சைஸ்ல வரும். உள்ள ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும்.

இன்னொண்ணு, உயரமா, கொசு ஸ்ப்ரே டப்பா மாதிரி. மரை கிடையாது, தலைய சுத்தி ஒரு தகடு வளையம், அதுல ஒரு இடத்துல மட்டும் வெட்டு இருக்கும். மேசை மேல வச்சு சமைக்கிற போர்ட்டபிள் அடுப்புக்கும், கேஸ் டார்ச்சுக்கும் இதுதான். உள்ள பெரும்பாலும் வெறும் பியூட்டேன். நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிறது இதுதான், விலையும் கம்மி. கடையில போய் “அண்ணே, கேம்பிங் சிலிண்டர் குடுங்க”ன்னா இதைத்தான் எடுத்து வைப்பாரு. “மரை வச்சது இருக்காண்ணே?”ன்னு கேளுங்க.

மரை வச்சது கிடைக்கலன்னா அடாப்டர் இருக்கு, ஒரு பக்கம் உயர டப்பாவுல மாட்டி மறுபக்கம் அடுப்ப முறுக்கிக்கலாம். சின்ன கால் வச்ச அடாப்டர்னா டப்பா படுத்த மாதிரி இருக்கும். அப்ப அந்த வளையத்துல இருக்கிற வெட்டு கண்டிப்பா மேல பார்த்து இருக்கணும். உள்ள இருக்கிற குழாய் அந்தப் பக்கமாத்தான் வளைஞ்சிருக்கும், வெட்டு மேல இருந்தாத்தான் ஆவி வரும், கீழ இருந்தா திரவமா கேஸ் வந்து அடுப்பு ஒரு முழம் உயரத்துக்கு மஞ்சளா எரியும்.

முறுக்குற விதம்: முதல்ல அடுப்போட குமிழ முழுசா மூடிட்டு, கேனிஸ்டர நிமிர்த்தி வச்சு, அடுப்ப நேரா வச்சு விரலால முறுக்குங்க. பாதியில ‘ஸ்ஸ்’னு ஒரு சின்ன சத்தம் வரும், அது சகஜம், இன்னும் கொஞ்சம் முறுக்கினா நின்னுரும். நிக்கலன்னா கழட்டுங்க, உள்ள கருப்பு ரப்பர் வளையம் இருக்கான்னு, அதுல மண்ணு, கீறல் இருக்கான்னு பாருங்க. கட்டிங் பிளேயர் பக்கமே போகாதீங்க, கை இறுக்கம் போதும், அதுக்கு மேல இறுக்கினா அந்த ரப்பர்தான் நசுங்கும். சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, குமிழி வந்தா பத்த வைக்கக்கூடாது.

குளிர் பத்தியும் இங்கயே சொல்லிர்றேன். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரிக்கு கீழ போனா ஆவியாகாது, ஐசோபியூட்டேன் -12 வரைக்கும், புரொப்பேன் -42 வரைக்கும் தாங்கும். மார்கழி, தையில கொடைக்கானல் விடியக்காலையில உயர டப்பா மினுக் மினுக்னுதான் எரியும், எரிய எரிய டப்பா தானாவும் குளிர்ந்து போகும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்கிட்டு படுங்க. நெருப்புல காட்டி சூடாக்குற வேலை வேணாம்.

நாலாவது: சாப்பாடு, அப்புறம் பாத்திரம்

வெளிநாட்டு வீடியோ எல்லாம் டைட்டானியம் டைட்டானியம்னு சொல்லும். 750 மில்லி டைட்டானியம் பாத்திரம் சுமார் 100 கிராம்தான் வரும், எடையில அடிச்சிக்க முடியாது. ஆனா அவங்க தண்ணிய கொதிக்க வச்சு பாக்கெட்ல ஊத்திக்கிறவங்க. நாம ரவைய கிண்டுறவங்க. டைட்டானியம் சூட்ட பரப்பாது, அலுமினியத்தோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்குதான் கடத்தும், அதனால தீ படுற இடத்துல மட்டும் உப்புமா கருகி மத்த இடத்துல மாவா நிக்கும். காபி, சூப், அவல்னா டைட்டானியம் வாங்குங்க. சேமியா, உப்புமா, கிச்சடின்னா ஹார்டு அனோடைஸ்டு அலுமினியம் (மேற்பரப்ப கெட்டிப்படுத்தினது), அதுல மாத்துக் கருத்து எனக்கு கிடையாது. எவர்சில்வர் கனமும் ஜாஸ்தி, அடியும் பிடிக்கும்.

காசு செலவழிக்க மனசில்லையா, மாசி வீதி பக்கம் ஏதாவது பாத்திரக்கடையில அலுமினிய தூக்குச்சட்டி ஒரு லிட்டர் சைஸ்ல கேளுங்க. மூடி இருக்கு, எடை கம்மி. ஒரே குறை, புளி, எலுமிச்சை, தக்காளி போட்டா வெறும் அலுமினியம் கரையும், ரசம் வைக்காதீங்க. காது தீயில சுடும், ஒரு சின்ன இடுக்கி வேணும்.

சைஸ்: ஒரு ஆளுக்கு 750 மில்லி, ரெண்டு பேருக்கு 1.2 லிட்டர் கிட்ட. வாயகலமா, உயரம் கம்மியா இருக்கிறத எடுங்க, தீ அடியில பரவும், கரண்டியும் மூலைக்குப் போகும். கடையிலயே கேனிஸ்டர உள்ள விட்டுப் பாருங்க. 100 கிராம் கேனிஸ்டர் 9 செ.மீ. அகலம், 230 கிராம் 11 செ.மீ. உள்ள அடங்கினா பையில ஒரு இடம் மிச்சம்.

அரிசி கொண்டு போறேன்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு: கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், குக்கர் இல்லாம சோறு வேக கேஸ்தான் தீரும். வறுத்த ரவையில தாளிச்சு கலந்து வீட்லயே பாக்கெட் போட்டுக்கங்க, சுடுதண்ணியில கொட்டி மூடி வச்சா வேலை முடிஞ்சுது.

அஞ்சாவது: இப்ப அடுப்பு

ரெண்டு மாடல உதாரணத்துக்கு எடுத்துக்குவோம்: பிஆர்எஸ் 3000டி 25 கிராம், எம்எஸ்ஆர் பாக்கெட் ராக்கெட் 2 வந்து 73 கிராம். எடைய மட்டும் பார்த்தா முதல் ஒண்ணுதான், ஆனா ஒரு லிட்டர் பாத்திரம் வைக்கிறவங்க, பாத்திரத்த தாங்குற கம்பி அகலமா இருக்கிற அடுப்ப எடுக்கணும், 50 கிராம் மிச்சம் பிடிக்கப் போய் உப்புமா கவுந்தா ராத்திரி பட்டினி. வாய் அகலமா, கொஞ்சம் குழிஞ்ச பர்னர் காத்துக்கு தாங்கும். தானா பத்துற பட்டன் எல்லாம் நம்பாதீங்க, லைட்டர் ஒண்ணு தனியா வைங்க.

வாங்கினதும் மொட்டைமாடியில ஒரு தடவை அரை லிட்டர் தண்ணி வச்சுப் பாருங்க, ஆடி மாசம்னா இன்னும் நல்லது, அந்தக் காத்துல கொதிச்சா எங்கயும் கொதிக்கும். சமையக்கட்டு தராசுல கேனிஸ்டர, கொதிக்க வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க. காத்து இல்லாம மூடி போட்டு வச்சா 7, 8 கிராம் செலவாகும். 15 கிராம் போச்சுன்னா காத்துக்கு மறைப்பு வேணும்னு அர்த்தம்.

சேர்த்தது: ஒரு தம்பி அலுமினியத் தகட்ட அடுப்பையும் கேனிஸ்டரையும் சேர்த்து சுத்தி வளைச்ச போட்டோ அனுப்பியிருந்தாரு. தம்பி, அப்படி செய்யாதீங்க. சூடு உள்ளயே திரும்பி கேனிஸ்டர் வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் பை, கல்லு எதையாவது தள்ளி வைங்க, கேனிஸ்டர தொட்டா கை பொறுக்கணும், பொறுக்கலன்னா உடனே அணைங்க. டென்ட்டுக்குள்ள பத்த வைக்கலாமான்னும் கேட்டிருக்காங்க, மழையே பெஞ்சாலும் கூடாது, தீ ஒரு பக்கம்னா கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

இன்னொண்ணு: மிச்சம் இருக்கிற கேனிஸ்டர கார்லயே விட்டுட்டு போறவங்க, சித்திரை வெயில்ல மூடின கார் உள்ள என்ன சூடாகும்னு யோசிங்க. 50 டிகிரிக்கு மேல வைக்காதேன்னு டப்பாவுலயே போட்டிருக்கு. எடுத்துட்டுப் போய் வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க, மூடி போட்டு, பிள்ளைங்க கைக்கு எட்டாம.