மோதிரக் கதையை டெல்டாவுக்குக் கொண்டுவருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படித்த டெல்டாக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: இதையே நம்ம ஊர்ப் பக்கம் நடப்பதாக எழுதினால் என்ன? தாராளமாக எழுதலாம். வயலும் வாய்க்காலும், விருந்தும் வம்புமாக வாழும் ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சீமை கிடைக்காது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் எல்லோரும் மாயாஜாலத்தில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கதை சறுக்குவது என்னவோ சோற்றிலும் சேற்றிலும் சொந்தக்காரர்களிடத்திலும்.

முதல் சறுக்கல் பெயர்தான். டச்சு, ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புகளில் பெயர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே டோல்கீன் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். பில்போ, ஃப்ரோடோ இருவரின் குடும்பப் பெயரான பேகின்ஸில் ‘பை’ தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். உடனே நம் ஆள் ‘பையனார்’ என்று வைப்பார். வாசகர் அதை ஐயனார் என்று படித்துவிட்டு, மண்குதிரையைக் காணோமே என்று தேடுவார். சரி, பெயரில் கைவைக்காமல் விட்டால்? மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் நாயகன் ஃப்ரோடோ மாயவரம் தாண்டுவதற்குள் ‘பிராடு’ ஆகிவிடுவான். நூலின் பின்னிணைப்பில், ஹாபிட் மொழியில் ஃப்ரோடோவின் நண்பன் மெர்ரியின் அசல் பெயரின் சுருக்கம் ‘கலி’, குதூகலம் என்று பொருள் என்கிறார் டோல்கீன். அதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குக் கலி என்றால் முற்றுவதுதான் தெரியும்.

பெயரையாவது சமாளிக்கலாம், முறை தப்பினால் டெல்டாவில் மன்னிப்பு கிடையாது. மோதிரத்தை விட்டுச்செல்லும் மூத்தவர் பில்போவும் அதைப் பெறும் ஃப்ரோடோவும் ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். நம்மால் முடியாது. வம்சாவளியை விரித்துப் பாருங்கள். ஃப்ரோடோவின் அப்பா ட்ரோகோவும் பில்போவும் ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழி வந்த பங்காளிகள். அந்த வழியில் பில்போ பெரியப்பா. ஃப்ரோடோவின் அம்மா ப்ரிமுலாவோ பில்போவின் சித்தி மகள், அதாவது தங்கை. அந்த வழியில் பில்போ தாய்மாமா. அப்படியானால் அண்ணன் முறைக்காரருக்கும் தங்கை முறைக்காரிக்கும் கல்யாணம் நடந்திருக்கிறதே என்று பந்தியில் ஒரு பாட்டி கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ‘பெரியப்பா’தான் சரி. ஏனென்றால் கதையின் முதல் தகராறே பங்காளித் தகராறு. பில்போவின் சித்தப்பா மகன் ஓத்தோ. அவன் மனைவி லோபீலியாவுக்கு வெகுநாளாக பில்போவின் வீட்டின் மேல் கண். பில்போ ஃப்ரோடோவைச் சுவீகாரம் எடுத்ததும் அந்தக் கனவு போயிற்று. இதை விளக்க நமக்கு அடிக்குறிப்பே வேண்டாம். லோபீலியாவை சீரியல் வில்லியாக்கிக் கண்ணை உருட்ட வைப்பதுதான் தவறு. பில்போ ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்கு ஒரு பெட்டி நிறைய வெள்ளிக் கரண்டிகளை விட்டுச் செல்கிறார். ஏற்கெனவே அவள் சுருட்டியதாகச் சந்தேகப்பட்ட கரண்டிகளுக்கு ஜோடியாக. பாத்திரத்துக்குப் பாத்திரம் பெயர் வெட்டி வைக்கிற ஊர் இது. அந்தக் கரண்டிக் காம்பில் ‘பி.பே.’ என்று வெட்டியிருப்பதை அவள் தடவிப் பார்க்கட்டும், போதும்.

சாம் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அவன் தோட்டக்காரன், ஃப்ரோடோ முதலாளி. மண்வாசனைக்காக ‘ஆண்டே’ என்று கூப்பிட வைக்கத் தோன்றும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த தஞ்சையில் அந்த ஒரு சொல் வந்தால், அவர்கள் நட்பு அங்கேயே முடிந்துவிடும். ‘தம்பி’ என்று கூப்பிடவும் முடியாது, ஃப்ரோடோ மூத்தவன். ‘சின்னய்யா’ என்பதும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ‘அண்ணே’ என்று தொடங்கி, வாங்க போங்க என்றே கடைசிவரை கொண்டுபோவது நல்லது.

இடம் பிடிப்பதில் வழக்கமான தவறு, மோதிரத்தைத் தேடி வரும் கறுப்புக் குதிரைக்காரர்களிடமிருந்து ஹாபிட்கள் தப்பிக்கும் பரிசல் துறையைக் கொள்ளிடத்தில் வைப்பது. ஆற்றைக் கடக்க முடியாமல் அந்தக் குதிரைக்காரர்கள் பத்து மைல் தள்ளியிருக்கும் பாலத்துக்குச் சுற்றிப் போக வேண்டும் என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். கொள்ளிடத்தில் உபரி நீர் வந்தால்தான் உண்டு. மற்ற நாளில் குதிரை மணலில் நடந்தே வந்து பிடித்துவிடும். மோதிரத்தைப் போட்டு அழிக்க வேண்டிய எரிமலைக்கும் இங்கே இடம் தேடாதீர்கள். நம்மிடம் இருக்கும் சுவாமிமலையே கட்டுமலை, அறுபது படி. அடுத்த காபிக்குள் ஏறி இறங்கிவிடலாம்.

காலக்கணக்கு மட்டும் அதிசயமாகப் பொருந்துகிறது, அதைக் கெடுக்காதீர்கள். பில்போவின் பிறந்தநாள் விருந்து செப்டம்பர் 22, அதாவது புரட்டாசி முதல் வாரம். ஆகவே கறி விருந்து போட்டுவிடாதீர்கள், பாதிப் பந்தி எழுந்து போய்விடும். ஃப்ரோடோ, எல்ஃப்களின் இருப்பிடமான ரிவெண்டெல் போய்ச் சேருவது அக்டோபர் 20, அங்கிருந்து புறப்படுவது டிசம்பர் 25. வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கூரைக்கு அடியில்! நம் ஊர்க்காரர்கூட இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போடமாட்டார்.

புகையிலைக்குப் பதில் கும்பகோணம் வெற்றிலை என்ற யோசனையும் வரும். வேண்டாம். மந்திரவாதி காண்டால்ஃப் புகையில் வளையம் விடுவார், வெற்றிலை போட்டால் துப்பத்தான் முடியும்.

கடைசியாக மோதிரம். டெல்டாவில் தங்கத்தைக் காட்டினால் முதல் கேள்வி, எத்தனை பவுன்? இரண்டாவது, அடகு வைத்தால் குறுவைக்கு உரம் வாங்கலாமே? இதற்குப் பதில் மூலத்திலேயே இருக்கிறது. நீளம் என்று பலர் வெட்டிவிடுகிற காட்சி அது. காண்டால்ஃப் மோதிரத்தை அடுப்பில் போட்டு எடுக்கிறார், அது சுடக்கூட இல்லை. நீங்கள் ஒரு பத்தரையே கூட்டி வாருங்கள். உரைகல்லில் தேய்க்கட்டும், குமுட்டியில் வைத்து ஊதட்டும், உருகாத தங்கத்தைப் பார்த்து வெலவெலத்துப் போகட்டும். இல்லாவிட்டால் மூன்று பாகமும் முடியும்வரை பின் வரிசையிலிருந்து ஒரு குரல் விடாது: “வித்துட்டு வேலையைப் பாருங்கப்பா!”