பழைய அச்சு நூலில் நம் ஊர்ப்பெயரைத் தேடுவது எப்படி? கடலோர நூலகத்துக்கு ஒருநாள் ஹேக்கத்தான்

ஹேக்கத்தான் என்றால் பலர் கூடி உட்கார்ந்து ஒரு கணினி வேலையை ஒரே மூச்சில் முடிப்பது. இலக்கைச் சிறிதாக வையுங்கள்: 40 பக்கமுள்ள ஒரே நூல், அதிலிருந்து ஒரு ஊர்ப்பெயர்ப் பட்டியல். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, வேதாளை, பாம்பன் ஆகியவை எந்தப் பக்கத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் வருகின்றன என்று மாலைக்குள் தேடிக் காட்டினால் போதும். செயலி செய்கிறோம் என்று கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குழு கலைந்துவிடும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மேல் எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். அந்தக் கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை, எழுத்துணரி (பக்கப்படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு உரையாக்கும் மென்பொருள், ஓசிஆர்) திணறிவிடும். 1870க்குப் பிந்திய உரைநடை நூல் தொடக்கத்துக்குச் சரி. கீழக்கரைப் பக்கம் கிடைக்கும் அரபுத்தமிழ் நூல்களைத் தனியே வையுங்கள்: மொழி தமிழ்தான், எழுத்து அரபி என்பதால் தமிழ் எழுத்துணரிக்கு அவை பிடிபடா. காப்புரிமைச் சிக்கல் வராமலிருக்க, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்திலோ நூலை எடுத்து, முதல்நாள் இரவே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் நெட்டை நம்பி உட்கார முடியாது.

எழுத்துணரியை ஓட்டுதல்

பக்கப்படம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தி, ஓரக் கருமையை வெட்டிவிட்டு, டெசராக்ட் என்னும் இலவச எழுத்துணரியில் தமிழைத் தேர்ந்து ஓட்டுங்கள். முதலில் இரண்டே பக்கம். 40 பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினால் ஒரே பிழையை நாற்பது தடவை திருத்த வேண்டிவரும்.

பிழை அட்டவணை

எழுத்துணரி எந்த எழுத்தை எதுவாகத் தப்பாகப் படிக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல் இது. உண்மையான வேலை இங்கேதான். எந்திரம் கண்டபடி தப்பு செய்வதில்லை, ஒரே தப்பையே திரும்பத் திரும்பச் செய்யும்.

துணைக்காலும் ரகரமும் பழைய அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். 1978க்கு முந்திய ணா, றா, னா, ணை, லை ஆகியவற்றின் பழைய வடிவங்களை எந்திரம் வேறு எழுத்தாகப் படிக்கும். திருத்தும்போது இன்றைய வடிவத்தையே தட்டச்சிடுங்கள், யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனி இடம் கிடையாது. பூச்சி அரித்த துளையும் ஈரக்கறையும் புள்ளியாகிவிடும், ‘கடல’ என்பது ‘கட்ல’ ஆகும். ௧, ௨, ௭, ௮ என்னும் எண்கள் க, உ, எ, அ ஆகும். ௲௮௱௭௰௬ என்றிருந்தால் அது 1876.

‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். தனியாக நிற்கும் ‘க’ எண்ணா எழுத்தா என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

20 பேர் வந்தால் நாலு நாலு பேராக ஐந்து குழு, குழுவுக்கு 8 பக்கம். மூவர் மெய்ப்புப் பார்க்க (பக்கப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த), நாலாமவர் அட்டவணை எழுதட்டும். புதியவருக்குப் பக்கத்துக்கு 20 நிமிடம் ஆகும். பிறகு பக்கங்களை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். தன் பிழை தன் கண்ணில் படாது.

தேடல்

பழைய அச்சில் வரி முடிவில் சொல் இணைப்புக்கோடு இல்லாமலே உடையும். ‘தேவி’ ஒரு வரியிலும் ‘பட்டினம்’ அடுத்த வரியிலும் இருந்தால் தேடலில் சிக்காது, ஆகவே உடைந்த சொல்லை முதலில் ஒட்டுங்கள். அடுத்து கோப்பு முழுவதையும் என்எஃப்சி முறையில் (ஒரே எழுத்தை எங்கும் ஒரே குறியாக்கும் யூனிகோடு முறை) சீராக்குங்கள். ‘தொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ‘தொண்டி’ என்று தேடினால் பாதி அகப்படாது.

ராமநாதபுரம், இராமநாதபுரம், இராமனாதபுரம் மூன்றையும் பிடிக்க, ஒரே வார்ப்பில் பல எழுத்துக்கூட்டலைத் தேடும் சுருங்குறித்தொடர் (ரெஜெக்ஸ்) தேடலில் இப்படிக் கொடுங்கள்:

இ?ராம[நன]ாதபுர

‘?’ என்றால் அதற்கு முந்திய எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, [ ] என்றால் உள்ளே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று. கடைசி ‘ம்’ வேண்டாம், ‘புரத்தில்’, ‘புரத்துக்கு’ எல்லாம் சேர்ந்து வரும். ‘பட்டினம்’, ‘பட்டணம்’ இரண்டுக்கும் பட்ட[ிண] என்று தொடங்கினால் போதும்.

ஆண்டு குறித்தல்

முகப்பில் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். 60 ஆண்டுச் சுழற்சியில் 1816, 1876, 1936 மூன்றும் தாது. அச்சகத்தின் பெயர், எழுத்து வடிவம், தாளின் தன்மை ஆகியவற்றை வைத்து ஒன்றைத் தேருங்கள். மாதத்தையும் பாருங்கள்: தாது தை மாதம் என்றால் அது 1876 அல்ல, 1877.

திருத்திய பக்கங்களை அன்றே விக்கிமூலம் என்னும் பொது இணைய நூலகத்தில் ஏற்றலாம். மெய்ப்புப் பார்த்த பக்கம் அங்கே மஞ்சளாகும், வேறொருவர் சரிபார்த்ததும் பச்சையாகும். பிழை அட்டவணையை நூலகக் கணினியில் ஒரு விரிதாளாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதே அச்சகத்தின் அடுத்த நூலுக்கு அதில் பெரும்பகுதி அப்படியே செல்லும்.