பழைய பிக்கப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன்: மாட்டுவது அரை நாள், வயரிங் ஒரு நாள்

என் பிக்கப்புக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வாட்டர் பம்ப் முகப்பில், பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும் இரும்பு ஃபேன்தான் அதற்கு இருந்தது. ரோட்டில் எதிர்க்காற்றே போதும் என்கிற வேகத்தில் இரைந்து சுற்றும். நெரிசலில் நின்று காற்றுக்குத் தவிக்கும்போது எஞ்சினோடு சேர்ந்து அதுவும் தூங்கி வழியும். இந்தத் தலைகீழ்க் கணக்குக்காகத்தான் எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாறினேன்.

காசைச் செலவழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நிற்கும்போது மட்டும் சூடேறி, வண்டி நகர்ந்ததும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் மாற்றினால் பலன் உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதே முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையோ தெர்மோஸ்டாட்டையோ (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) வாட்டர் பம்பையோ பாருங்கள். அதற்கு எந்த ஃபேனும் மருந்தாகாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பழைய ஃபேனில் கை வையுங்கள். நடுவில் ஒரே பெரிய நட்டில் நிற்கும் கிளட்ச் ஃபேன் என்றால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொண்ட பிறகே பலம் காட்டுங்கள்; சிலவற்றில் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் இடப்பக்க மரை இருக்கும். நான்கு போல்ட்டில் நிற்கும் ஃபேனில் வேறு ஒரு சங்கடம். பல வண்டிகளில் புல்லியையும் பிடித்திருப்பது அதே போல்ட்டுகள்தான். ஃபேனை எடுத்ததும் அந்தத் தடிமன் அளவுக்குப் போல்ட் நீளமாகிவிடும். அப்படியே முடுக்கினால் அடியில் போய் முட்டி, இறுகியது போலவே தோன்றும். புல்லி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதே மரையில் குட்டையான போல்ட் போடுங்கள்.

இனி இடத்தை அளக்கலாம். ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேனில் நடுவே இருக்கும் மோட்டார்தான் தடிமன். அது வருவதும் சரியாக அந்த மூக்குக்கு நேரே. மாட்டிய பிறகு 25 மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அசையும். இடம் போதாவிட்டால் மோட்டாரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி மாட்டலாம்.

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் வகை ஃபேனையே வாங்குங்கள். முன்னால் நின்று தள்ளும் வகை, ஓடும்போது வரும் காற்றுக்குத் தானே குறுக்கே நிற்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கவுலோடு (ஃபேனைச் சுற்றி வரும் கூடு) வாங்குவது இன்னும் முக்கியம். கவுல் இல்லாவிட்டால் ஃபேன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும்தான் காற்று போகும். மூலைகள் சும்மா கிடக்கும்.

ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கம்பி கோத்துக் கட்டும் முறை ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். என் முதல் ஃபேனை அப்படித்தான் கட்டினேன். ஆறே மாதத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு குழாயைத் தேய்த்து ஒழுகவிட்டது. இப்போது இரண்டு அலுமினியப் பட்டைகளை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டு, அதில்தான் ஃபேன் நிற்கிறது.

அப்புறம், ஃபேனை இயக்கும் டெம்பரேச்சர் சுவிட்ச். என் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதனால் 95-இல் போட்டு 88-இல் அணைக்கும் சுவிட்சை, தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில், சூடான தண்ணீர் வரும் இடத்தில் வைத்தேன். தெர்மோஸ்டாட்டை விடக் குறைந்த அளவுள்ள சுவிட்சை அங்கே வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் அதற்கு எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான். கசியக் கூடாதே என்று டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் போய்விடும்.

சரி, வயரிங். ஃபேனை மாட்டத் தெரிந்தவர்களும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு நல்ல ஃபேன் ஓடும்போது 20 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்த நொடியில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஒல்லி வயரில் இதை ஓட்டலாம் என்று நானும் நினைத்தேன். இக்னிஷன் லைனிலிருந்தே கரண்ட் எடுத்தேன். பத்தாவது நாள் சுவிட்ச் உருகிப் போனது. அதற்கு முன்பே இன்னொரு வேடிக்கை: சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஒன்றிரண்டு நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் டைனமோ மாதிரி கரண்டைத் திருப்பி அனுப்பி, இக்னிஷன் காயிலுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. இது புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

ஆகவே ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், இல்லாமல் வேலை இல்லை. 40 ஆம்பியர் ரிலே ஒன்று. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், ரிலேயில் 30 என்று எழுதியிருக்கும் முனைக்கு வரட்டும். அந்த வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் தள்ளி இருந்தால், நடுவில் வயர் எங்காவது உரசிப் பற்றிக்கொள்ளும்போது காப்பாற்ற ஆளில்லை. 87-இலிருந்து ஃபேனின் பாசிட்டிவுக்கு அதே தடிமன் வயர். ஃபேனின் நெகட்டிவ், பெயின்ட் சுரண்டிய சேசிஸ் இரும்புக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு லைன். இதற்கு ஒல்லி வயரும் 5 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். 85-ஐ டெம்பரேச்சர் சுவிட்சோடு சேர்த்துவிடுங்கள். நான்கு முனை ரிலேயே நல்லது. ஐந்து முனை ரிலேயில் நடுவே இருக்கும் 87ஏ, ரிலே ஓய்வில் இருக்கும்போது பேட்டரியோடு நேரே தொடர்பில் இருக்கும். அங்கே வயர் எதுவும் தொங்கக் கூடாது.

ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்; தண்ணீர் தேங்காது. வயர் நுனியில் மாட்டும் உலோக லக்குகளை அதற்கான பிளையரால் நசுக்கி ஸ்லீவ் போடுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது வீட்டு மின்விசிறிக்கே ஆகாது.

ஏசி இருக்கும் வண்டியா? கம்ப்ரசர் கிளட்ச் லைனிலிருந்து இன்னொரு ரிலேயை இயக்கி, ஏசி போட்டதும் ஃபேன் ஓடும்படி செய்துவிடுங்கள்.

எஞ்சினைக் கிளப்பும் முன், ஃபேனை மட்டும் ஓட்டி ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் வயர் இடம் மாறியிருக்கிறது.

சுவிட்சுக்காகக் கூலன்ட் வடித்திருப்பீர்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே, ஆறிய எஞ்சினைக் கிளப்பி, குமிழி அடங்கும்வரை நிரப்புங்கள். சூடேறிய பிறகு மூடியைத் தொடக் கூடாது. தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள். கூலன்ட்டை நாய் பூனை நக்கிவிடும். அவற்றுக்கு அது விஷம்.

கடைசிச் சோதனை ஆல்டர்னேட்டருக்கு. பழைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர், நிற்கும் வேகத்தில் தன் முழு அளவைத் தராது. ஹெட்லைட், ஹீட்டர் புளோவர், ஃபேன் மூன்றையும் போட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 12.5-க்குக் கீழே போனால் ஃபேன் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரிய ஆல்டர்னேட்டர் தேட வேண்டும். முதல் வாரம் ரிலேயையும் ஃப்யூஸ் பிடியையும் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அங்கே ஒரு லக் தளர்ந்திருக்கிறது.

டேஷ்போர்டுக்குள் ஒரு ரிலேயும், இரண்டு ஃப்யூஸும், இரண்டு முனையிலும் லக் வைத்த ஒரு சாண் தடி வயரும் போட்டு வைத்திருக்கிறேன். வழியில் டெம்பரேச்சர் சுவிட்சோ ரிலேயோ செத்துப்போனால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு 30-க்கும் 87-க்கும் நடுவே அந்த வயரைச் செருகினால் ஃபேன் ஓடும். வண்டியை நிறுத்தும்போது நினைவாக அதை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இருக்காது.