இரவு 3 மணி விழிப்பும் ஒரு பழைய நோட்டும்

வேலை போய், வீட்டிலும் ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த நேரம். பகலை எப்படியோ ஓட்டிவிடுவேன். இரவு 3 மணிக்கு டக்கென்று விழிப்பு வரும். அப்புறம் விடியும்வரை கணக்கு, பயம், மறுபடி கணக்கு. 'நல்லதையே நினை' என்றார்கள். நினைக்கப் போனால் எரிச்சல்தான் கூடியது.

கைகொடுத்தது ஒரு பழைய நோட்டு. கவலைப்படுவதற்கென்றே மாலை 6 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கினேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மனநல ஆலோசகர்கள் சொல்லித்தரும் முறைதான் இது. மனதில் ஓடுவதையெல்லாம் எழுதுவேன். என்னால் ஏதாவது செய்ய முடிகிற கவலைக்குப் பக்கத்தில் மட்டும் மறுநாளுக்கான ஒரு சின்ன வேலையைக் குறிப்பேன்: ஒருவரை அழைப்பது, ஒரு விண்ணப்பம் அனுப்புவது, அவ்வளவுதான். மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவேன். இரவில் கவலை எட்டிப் பார்த்தால், 'நாளை ஆறு மணிக்கு வா' என்று தள்ளிப்போடுவேன். முதல் வாரம் சுத்தமாகப் பலிக்கவில்லை. இரண்டாம் வாரம் ஓரளவு.

கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட்டேன். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும். மூளையிலிருந்து இதயம் வரை போகும் வேகஸ் நரம்பு பார்க்கிற வேலை அது. அப்படியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்துதான் மருத்துவரிடம் போனேன். தூக்கம் கெட்டு சில வாரங்களிலேயே போயிருக்கலாம்.